கடைசிப் பந்தியின் கணக்கு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, நான் படித்தது பி.எஸ்ஸி. கணக்கு என்று நைனா சொன்னதும் ஒரு பெரியவர் சிரித்தார். "கணக்கா? அடுப்பாண்ட நின்னு இன்னாத்த வகுக்கப் போவுது?" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். காபித் தட்டோடு நின்றிருந்த நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இருபத்திரண்டு வருஷமாக என்மேலேயே எனக்குக் கோபம்.

அந்தப் பெரியவர் மாப்பிள்ளை வீட்டு ஆள்கூட இல்லை. எங்கள் பக்கத்து ஆள். என் அக்காவின் வீட்டுக்காரருக்கு அண்ணன். அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அதனால் என் கல்யாணப் பேச்சுக்கும் நைனா அவரைத்தான் முன்னால் உட்காரவைத்திருந்தார். நான் அவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷர்தான். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரை வில்லன் என்று நினைத்துவிடுவீர்கள். வில்லனாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

அவருக்குக் கணக்கு வராது என்றும் சொல்ல முடியாது. மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். செஞ்சியில் களத்தில் கொட்டியிருக்கும் மல்லாட்டைக் குவியலை ஒரு சுற்று சுற்றி வந்து, "நாப்பத்திரெண்டு மூட்ட" என்பார். மூட்டை பிடித்தால் நாற்பத்திரண்டு இருக்கும், மிஞ்சிப்போனால் நாற்பத்து மூன்று. அடியின் பரப்பையும் குவியலின் உயரத்தையும் கண்ணாலேயே பெருக்கி மூன்றால் வகுத்துவிடுகிறார். ஒருமுறை அவரிடம், "மாமா, நீங்க போடுறது கூம்போட கன அளவு" என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் கணக்கு இல்லம்மா, அனுபவம்" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆம்பிளை கண்ணால் போட்டால் அது அனுபவம். அதையே நான் தாளில் எழுதிக் காட்டினால் பள்ளிக்கூடத்துக் கணக்கு, வீட்டுக்கு ஆகாது.

நாங்கள் தமிழ் ஜைனர்கள். மேல்சித்தாமூரில் பிறந்த வீடு. பொழுது இருக்கும்போதே சாப்பிட்டு முடிப்பது எங்கள் வழக்கம். இப்போது எல்லாரும் அப்படி இல்லை. சென்னையில் படிக்கும் என் மகனைப் பார்க்கப் போனால் நானே எட்டு மணிக்கு ஓட்டலில் தோசை சாப்பிடுகிறேன், ஒளிப்பானேன். ஆனால் அக்கா வேறு. முப்பது வயதில் விரதம் எடுத்தாள். சூரியன் மறைந்த பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கமாட்டாள். ஊருக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் சரி, இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை. அந்தப் பிடிவாதத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஐந்தாறு வருஷமாகப் பயமும் உண்டு.

பயத்துக்குக் காரணம் சர்க்கரை. அக்காவுக்குக் காலையும் சாயங்காலமும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும். தாமதமானால் சர்க்கரை கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே மோசம் என்று டாக்டர் என்னையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் சூரியன், இன்னொரு பக்கம் ஊசி. இரண்டுக்கும் நடுவில்தான் அவளுடைய சாயங்காலச் சாப்பாடு. வீட்டில் இருந்தால் சிக்கல் இல்லை, அடுப்பு அவள் கையில் இருக்கிறது. கல்யாண வீட்டில் அடுப்பு யார் கையில்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மாதத்தில் அக்காவின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபம் செஞ்சியில், கோட்டை மலைக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து. காலையிலேயே பெரிய மாமா சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணரைக்கு எல போட்டா போதும். பொழுது ஆறரைக்குத்தான போவும். மூணு மணி நேரம் இருக்குது, தாராளம்."

எனக்குச் சுருக்கென்றது. பொழுது ஆறரைக்குப் போவது சித்திரையிலும் வைகாசியிலும். அவர் முன்னின்று நடத்திய கல்யாணமெல்லாம் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். இது கார்த்திகை. செல்போனில் வானிலை காட்டும் இடத்திலேயே போட்டிருந்தது, சூரிய அஸ்தமனம் ஐந்து நாற்பது என்று. அவருடைய தாராளத்தில் ஐம்பது நிமிஷம் இல்லவே இல்லை.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் நாற்காலிகளை எண்ணினேன். நான்கு வரிசை, வரிசைக்கு இருபத்து நான்கு. ஒரு பந்திக்குத் தொண்ணூற்றாறு பேர். வருகிறவர்கள் ஐந்நூற்றைம்பது பேர் என்று சமையல்காரரிடம் சொல்லியிருந்தார்கள். இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, இலை எடுத்து, மேசை துடைத்து அடுத்த இலை போட எவ்வளவு நேரமாகும் என்று சமையல்காரரைக் கேட்டேன். "முப்பத்தஞ்சு நிமிசம் ஆவும்க்கா. அதுக்குக் கொறஞ்சி முடியாது" என்றார். ஐந்நூற்றைம்பதைத் தொண்ணூற்றாறால் வகுத்தால் ஆறு பந்தி. ஆறு பந்திக்கு மூன்றரை மணி நேரம். மூன்றரை மணிக்கு ஆரம்பித்தால் ஐந்து நாற்பதுக்குள் மூன்று பந்திதான் முழுசாக முடியும். மிச்ச மூன்று பந்திக்கும் சூரியன் கிடையாது. இதற்கு நான் படித்த கணக்குகூட வேண்டாம், நாலாம் வகுப்பு போதும்.

குறை சொல்வதோடு நின்றேனா என்றால் இல்லை. வழியும் கண்டுபிடித்தேன். அழைப்பிதழ் கொடுத்த நோட்டை எடுத்து, இரண்டு வீட்டிலும் பொழுதோடு சாப்பிடும் வழக்கத்தை இன்னும் காப்பாற்றுகிறவர்கள் யார் யார் என்று பென்சிலால் டிக் போட்டேன். நூற்றெழுபது பேர்கூட வரவில்லை. அப்படியென்றால் இரண்டே பந்தி. அவர்களை முதலில் உட்காரவைத்தால் நாலே முக்காலுக்குள் எல்லாரும் எழுந்துவிடலாம். மற்றவர்கள் லைட் வெளிச்சத்தில் நிதானமாக எட்டு மணிவரை சாப்பிடட்டும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மேசை அதிகம் வேண்டாம், ஆள் அதிகம் வேண்டாம், வரிசையை மட்டும் மாற்றினால் போதும். ஒரு அழைப்பிதழின் பின்பக்கத்தில் பந்தி, நேரம், யார் யார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பெரிய மாமாவிடம் போனேன்.

வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டாம் பந்தியில நம்ம வீட்டுப் பொம்பளைங்களா?" என்றார்.

"விரதம் இருக்குறவங்க மட்டும் மாமா. அக்கா, இன்னும் ஏழெட்டு பேரு."

"வந்தவங்கள நிக்க வெச்சிட்டு வீட்டுப் பொம்பளைங்க எல முன்னால உக்காந்தா ஊரு காறித் துப்பும்மா. மாப்ள வீடு, அப்புறம் நம்ம ஊரு பெரிய மனுசங்க, அப்புறம் மத்தவங்க. வீட்டுப் பொம்பளைங்க கடைசி. எப்பவும் இப்படித்தான நடக்குது."

"எப்பவும் வைகாசியில நடந்துச்சி மாமா. கடைசிப் பந்திக்கும் பொழுது இருந்துச்சி. இப்ப இருக்காது."

"கல்யாண வேலைய விட்டுட்டுக் கணக்குப் போட்டுன்னு இருக்குற. போ, பூவு வந்துச்சான்னு பாரு."

அக்காவிடமாவது எடுபடும் என்று அவளிடம் ஓடினேன். பெண்ணுக்கு நகை பூட்டிக்கொண்டிருந்தாள். தாளைப் பார்க்கக்கூட இல்லை. "சும்மா இருடி. பொண்ணோட அம்மா முன்னாடியே சாப்ட்டு எழுந்தான்னு சம்பந்தி வீட்டுல பேசுவாங்க. எனக்கு மானம் போவும்" என்றாள். என் சொந்த அக்கா! அவள் உயிருக்காக நான் மன்றாடுகிறேன், அவள் மானத்துக்காக என்னைத் துரத்துகிறாள். அந்த நிமிஷம் எனக்குப் பெரிய மாமாமேல் வந்ததைவிட அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டு பஸ் மூன்றரைக்கு வரவில்லை. மூன்றே முக்கால் தாண்டித்தான் வந்தது. நான்கு மணிக்கு முதல் இலை விழுந்தது. என் கணக்கில் இன்னொரு அரை மணி போனது.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். அவர்களில் விரதம் இருக்கும் பெரியவர்கள் ஒரு நாற்பது பேர் இருப்பார்கள், அது நியாயம். மிச்சம் ஐம்பத்துச் சொச்சம் இடத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதப் பையன்கள். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாக் கடையில் நிற்கிற பையன்கள், நாலு மணிக்குப் பசியே இல்லாமல் இலையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது பந்தியில் ஊர்ப் பெரிய மனிதர்கள். அவர்களுக்குத் துணையாக எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குக் கம்பெனி கொடுக்க வேண்டுமாம். பெரிய மாமாவும் அதில்தான். அவரும் பொழுதோடு சாப்பிடுகிறவர், அந்த விஷயத்தில் கண்டிப்பானவர். ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்தார். அவருடைய விரதத்துக்கு அன்று ஒரு குறைவும் வரவில்லை. வீட்டு ஆண்கள் பந்திக்குப் பந்தி மரியாதையோடு சாப்பிட்டார்கள், வீட்டுப் பெண்கள் தண்ணீர் ஜக்கோடு இலைக்கு இலை நின்று கவனித்தார்கள். இதைப் பார்த்துக்கொண்டு நானும் ஒரு ஜக்கோடு நின்றேன்.

இனி சொல்லப்போவது என் தப்பு. அதையும் மறைக்க முடியாது.

நாலே முக்காலுக்கு அக்கா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "அடுத்த பந்தியில எங்களையெல்லாம் உக்கார வெக்கிறேன்னு மாமா சொல்லிட்டாரு. ஊசி போட்டுக்கட்டா?" மாமா என்று அவள் சொன்னது தன் வீட்டுக்காரரை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாவது பந்தி ஐந்து பத்துக்கு. அரை மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் குறைவு. "போட்டுக்கக்கா, சரியா இருக்கும்" என்று நான்தான் சொன்னேன். என் கணக்கில் பிசகில்லை, ஐந்து பத்துக்குத்தான் இலை போட்டார்கள். அந்த இலை அக்காவுக்கு என்று நான் நம்பினேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன்.

ஐந்து பத்துக்கு வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வேலை செய்யும் ஆபீஸ் ஆட்கள். "வாங்க வாங்க, பந்தி ரெடியா இருக்குது" என்று பெரிய மாமா அவர்களை நேராகக் கூடத்துக்குள் அழைத்துக்கொண்டு போனார். இலை முன்னால் உட்காரப் போன அக்கா, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நகர்ந்து சுவரோரமாக நின்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. "உக்காருங்க, உக்காருங்க, வீட்டு ஆளுங்க நாங்க அப்புறம் சாப்ட்டுக்குறோம்" என்று அவளே சொன்னாள்.

அதே நேரத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் போனது. மேற்கு ஜன்னல்கள் வழியாக மேசைவரை நீண்டிருந்த வெயில் போய், கூடம் சட்டென்று மங்கியது. யாரோ லைட்டைப் போட்டார்கள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "பொழுது போயிடுச்சி" என்றாள்.

கையைப் பிடித்து அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளங்கை ஈரமாக இருந்தது. காலை பதினோரு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டவள். நெற்றியெல்லாம் வியர்வை, விரல்கள் நடுங்கின. ஒரு லட்டை எடுத்து நீட்டினேன். தலையை ஆட்டினாள்.

"இருபது வருசமா காப்பாத்தினது. இன்னைக்கி என் பொண்ணு கல்யாணத்துல ஒடைக்க மாட்டேன். செத்த நேரம் படுத்தா சரியாப் போவும்."

"படுத்தா எழுந்திருக்க மாட்டக்கா!" என்று கத்திவிட்டேன். அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டுப் பெரிய மாமாவும் வந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி ஐந்து இருபது. அஸ்தமனம் ஐந்து நாற்பது. சூரியன் மறையவில்லை, மலை மறைத்திருக்கிறது!

செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் ஏற்றக் கோணம் என்று ஒரு பாடம் படித்தோம். பக்கத்துக்குப் பக்கம் கோபுரமும் கலங்கரை விளக்கமும் வரும். எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே கோட்டை மலை நின்றுகொண்டிருந்தது. கடலையே பார்க்காத நாங்கள் கலங்கரை விளக்கத்தின் உயரத்தைக் கண்டுபிடித்து மார்க் வாங்கினோம், ஒரு நாளாவது அந்த ஜன்னல் பக்கம் திரும்பி அந்த மலையைப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று அந்த அடுப்படியில் முதல் தடவையாக நானே திரும்பிப் பார்த்தேன்.

மலை உயரம் எண்ணூறு அடி என்பார்கள், அதாவது இருநூற்று நாற்பது மீட்டர். மண்டபம் இரண்டாயிரம் மீட்டர் தள்ளி. உயரம் தூரத்தில் எட்டில் ஒரு பங்கு. கோணம் ஏறக்குறைய ஏழு டிகிரி. சூரியன் ஒரு டிகிரி இறங்க நாலு நிமிஷம். ஆக, இங்கே மலை மறைத்த பிறகும் இருபத்தெட்டு நிமிஷம் நிஜமான சூரியன் மேலேதான் இருக்கும். கூடத்தில் வெயில் போன ஐந்து பன்னிரண்டோடு இருபத்தெட்டைக் கூட்டினால் ஐந்து நாற்பது. செல்போனில் போட்டிருந்த அதே நேரம். விடை பொருந்திவிட்டது. கல்லூரியில் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன், ஒரு விடைக்காக அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, பொழுது போகல. மலை மறைக்குது. இன்னும் இருபது நிமிசம் இருக்குது. சாப்புடு."

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவளைச் சாப்பிட வைக்க நான் பொய் சொல்கிறேன் என்றுதான் நினைத்தாள். பெரிய மாமா குறுக்கே வந்தார். "கண்ணுக்குத் தெரியாத சூரியன் உன் கணக்குல இருந்தா ஆச்சா? விரதம்மா இது. வெளையாட்டா?"

இவர் சாப்பிட்டு முடித்து இன்னும் கால் மணிகூட ஆகவில்லை. வாயிலேயே வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். சண்டை போட நிமிஷம் இல்லை. மலை இல்லாத இடம் எது என்று யோசித்தேன். மேல்சித்தாமூர்! எங்கள் சித்தப்பா வீட்டு மருமகள் பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆனதால் கல்யாணத்துக்கு வராமல் அங்கே வீட்டில் இருந்தாள். வீடியோ கால் போட்டேன். "மாடிக்குப் போம்மா, சீக்கிரம், மேற்கால காட்டு" என்றேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறினாள் மகராசி.

போனில் வானம் ஆடியது. அப்புறம் வயல். வயலுக்கு மேலே, பளபளவென்று, முழுச் சூரியன்.

"பொழுது இன்னும் ஒரு பன ஒயரம் இருக்குதேக்கா. ஏன், இன்னா ஆச்சி?" என்றாள் அவள்.

போனை அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பார்த்தாள். பெரிய மாமாவும் குனிந்து பார்த்தார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். முதலில் சர்க்கரை கரைத்த தண்ணீர். அப்புறம் லட்டு. அப்புறம் தட்டில் சாதத்தைப் போட்டுக் குழம்பை ஊற்றினேன், அவள் எடுத்த கவளம் பாதி கீழே சிந்தியது, நானே பிசைந்து ஊட்டினேன். விரதம் இருந்த மற்ற ஏழு பெண்களும் ஓடிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சமையல்காரர் தன் கையாலேயே பரிமாறினார். பெண்ணைப் பெற்றவளும் அவள் ஓரகத்திகளும் நாத்தனார்களும் கல்யாணச் சாப்பாட்டை அடுப்படியில் ஈரத் தரையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பதினான்கு நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். வெளியே ஆபீஸ் ஆட்கள் இரண்டாவது முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து முப்பத்தெட்டுக்கு அக்கா கை கழுவினாள். வியர்வை அடங்கி முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. "காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்று கேட்டாள். அந்த நிலைமையிலும் அவளை ஒரு அறை விடலாமா என்று தோன்றியது. காலையில் நான் எழுதிக் காட்டி, யாரும் கேட்காததால் பந்தி மேசையிலேயே போட்டுவிட்டு வந்த தாளைத் தேடிப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தின் இரண்டாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு மேசையின் காலுக்கு அடியில், நாலாக மடித்து முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். மேசை ஆடாமல் நின்றது. என் கணக்கால் அன்று அந்த வீட்டுக்குக் கிடைத்த முதல் பிரயோஜனம் அதுதான்.

மறுநாளிலிருந்து பெரிய மாமா இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். "அந்த செல்போனு மட்டும் இல்லன்னு வெச்சிக்கோ, அவ்வளவுதான். இன்னா டெக்னாலஜி பாத்தியா!" கதையில் போன் வந்தது, மேல்சித்தாமூர் வந்தது, சூரியன் வந்தது. ஏழு டிகிரி வரவில்லை. சூரியன் அங்கே இருக்கும் என்று தெரிந்ததால்தானே போன் போட்டேன்? காலையிலேயே வரிசையை மாற்றியிருந்தால் அந்தப் போனே தேவைப்பட்டிருக்காதே? அதை யாரும் கேட்கவில்லை. ஒரு கல்யாணத்தில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு நல்ல சமயோசிதம்மா. எனக்கெல்லாம் கணக்குன்னாலே ஆவாது" என்று பெருமையாகச் சிரித்தாள். அவளும் அன்று அடுப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஏழு பேரில் ஒருத்தி.

வருகிற தையில் பெரிய மாமாவின் பேத்திக்குக் கல்யாணம். அதே மண்டபம். போன வாரம் அவரே என் வீட்டுக்கு வந்தார். கையில் அழைப்பிதழ் நோட்டு. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "ஏம்மா, எத்தினி பந்தி வரும், எத்தினி மணிக்கு எல போடணும்னு ஒரு கணக்குப் போட்டுக் குடேன்" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறார். சந்தோஷம் வரவில்லை என்று சொன்னால் பொய். தாளை எடுத்து ஒன்று முதல் ஆறுவரை வரிசையாக எண் போட்டேன். "மொதல் பந்தியில யாரு மாமா?" என்றேன்.

"வழக்கம்போலத்தான்" என்றார்.

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். "அப்ப எத்தன மணிக்கு ஆரம்பிச்சாலும் மீதி விழும் மாமா. மீதியில நிக்கிறது எங்க அக்கா. அவளுக்கு இப்ப ஊசி அளவும் கூடிப்போச்சி. மொதல் வரிய நீங்க எழுதுங்க, மிச்சத்த நான் போடுறேன்."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு மூட்டையை ஒரு சுற்றில் சொல்லும் மனுஷருக்கு அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. "வீட்டுல கலந்து சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார். வீட்டில் என்றால் தம்பிகளோடு. தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, முதல் வரி காலியாக.

அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல மானம் போகும் என்பாள், சும்மா இரு என்பாள் என்று எதிர்பார்த்துச் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"எத்தினி மணிக்கு மொத எல போடணும்னு உன் கணக்குல வருது?" என்று கேட்டாள்.

"ரெண்டரைக்கு."

"சரி. அவரு எழுதுனா எழுதட்டும், எழுதாட்டி போவட்டும். நான் ரெண்டே காலுக்கே போயி மொத வரிசையில உக்காந்துடுறேன். என்னை எவரு எழுப்புறாருன்னு பாக்குறேன்" என்றாள்.